ஏரிப் பாதையில் கட்டிய இலை

மெரிக், வெலாவ் தீவு
12 நவம்பர் 1995

என் குரும்பையே,

அம்மா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். நான் சுகமாக இருக்கிறேன். உன் குதிகால் வெடிப்பு ஆறிவிட்டதா? ஏரிக்கரையில் விடியற்காலம் குளிருமே, மாமாவின் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள். செத்தவர் போர்வை என்று ஒதுக்காதே. அவர் உனக்குத்தான் விட்டுப் போனார்.

மாமாவைப் புதைத்ததிலிருந்து நான் இழவு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தலைக்குத் தண்ணீர் விடவில்லை. புதுக்கிழங்கு தோண்டி, பன்றி அடித்து, விருந்து போடுகிறவரை இந்த முற்றத்தைத் தாண்டக் கூடாது.

நேற்று மாமா மகன் பட்டேசன் வந்தான். நான் அவனுக்கு அத்தை. என் முகத்தைப் பார்த்து அவன் எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது. அதனால் கூரையைப் பார்த்துப் பேசினான்.

"ஏரியக் காத்தது எங்கப்பா. பெத்த புள்ள நான் இங்க ஒக்காந்திருக்கேன். மருமகன் அங்க போயி ஒக்காந்திருக்கான். நல்லாருக்கு நாயம்."

"காடும் ஏரியும் மாமன்கிட்டேருந்து மருமகனுக்குத்தாண்டா போகும். உங்கப்பனுக்கும் அப்படித்தான் வந்துச்சு. நீ என்ன புதுசா சட்டம் போடுற?" என்றேன்.

"சரி அத்தை. புதுக்கிழங்கு வரைக்கும் அவன் அங்க ஒண்டியா ஒக்காந்துட்டான்னா ஏரி அவனோடது. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா பாருங்க, கிறிஸ்மஸ் மோளம் காதுல விழுந்தா மச்சான் எறங்கி ஓடியாந்துடுவான். ஆட்டம்னா அவனுக்கு உசுரு."

அப்போதிலிருந்து எனக்கு நெஞ்சு எரிகிறது. இறங்கி வராதே, குரும்பை. பாதை முகப்பில் தடைக்கு நமேலே இலையைக் கட்டியது நான். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். அதுவரை இந்தப் பக்கத்திலிருந்து யாரும் உள்ளே போகக் கூடாது, அந்தப் பக்கத்திலிருந்து நீயும் வெளியே வரக் கூடாது. புதுக்கிழங்கு வந்ததும் நானே நடந்து வந்து, என் கையால் அவிழ்த்து, எல்லோரும் பார்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

சாப்பாட்டை வினி இலையடியில் வைத்துவிட்டு வருவாள். பட்டேசனோடு பிறந்தவளாக இருந்தாலும் அவள் மனசு வேறு. அந்தக் காட்டுக்குச் சர்க்காரும் காப்புக்காடு என்று பலகை வைத்திருக்கிறது. மாமா ஒரு கொடியைக்கூட வெட்டியதில்லை. நீயும் வெட்டாதே. விலாங்கு கையில் வந்து ஏறினாலும் தள்ளி விடு.

மலை இரண்டு தடவை உறுமியதாகப் பேசிக்கொள்கிறார்கள். மாமாவைத் தேடுகிறது போலிருக்கிறது. நீ இருக்கிறாய் என்று சத்தமாகச் சொல்லு. அடங்கிவிடும்.

ஆண்டவர் உன் குடிசைக்குக் காவல் இருக்கட்டும்.

அம்மா,
ரோமாவ்


ஏரிக்கரை
19 நவம்பர்

அம்மாவுக்கு,

லைனஸ் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உனக்கு இடுப்பு வலி எப்படி? இழவு வீட்டில் தரையிலேயே உட்காராமல் இரண்டு பாயைச் சேர்த்துப் போட்டுக்கொள்.

குரும்பை என்று எழுதாதே என்று எத்தனை தடவை சொல்வது? வினி பிரித்துப் பார்த்துவிட்டாள். இலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏ குரும்பை! எப்பப்பா தேங்காயாவ?" என்று கத்துகிறாள். "நீ மட்டும் என்ன, காக்கா கொத்தின ஈரப்பலா" என்றேன். மூட்டையை வீசிவிட்டுப் போய்விட்டாள். நீ கிழங்கு அரைத்துச் சுட்டு அனுப்பிய லாப்லாப் முழுக்க மண். அப்படியும் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

பட்டேசனிடம் சொல்லு, கிறிஸ்மஸ் இங்கேயும் வரும். ஏரி வாத்துகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு வாத்துக்குக் குரல் பரவாயில்லை. மற்றதெல்லாம் நம் கோவில் பாதிரியார் போலத்தான் பாடுகின்றன.

மலையிடம் சொன்னேன். "மாமா இல்ல, நான்தான் இருக்கேன்" என்று கத்தினேன். பதிலுக்கு இன்னொரு உறுமல். உன்னைப் போலவேதான். சமாதானம் சொன்னால் கோபம் இன்னும் ஏறுகிறது.

காட்டுக்கோழிகள் இந்தத் தடவை சுடுமண்ணில் முட்டை புதைக்க வரவில்லை. முன்பே வந்து புதைத்த குழி ஒன்றில் கையை விட்டேன். முட்டை வெந்து போயிருந்தது. தின்னவில்லை, அம்மா. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நீ சொன்னபடி இருப்பேன். கவலைப்படாதே.

உன் மகன்


மெரிக்
10 டிசம்பர் 1995

என் குரும்பையே,

அப்படித்தான் கூப்பிடுவேன். மரத்திலிருந்து உதிர்ந்த குரும்பை மாதிரி, உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் நீ பிறந்தாய். தங்காது என்றார்கள். தங்கினாயே.

நான் சுகம். குதிகாலைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. வினியைக் கேட்டால், "அவனும் வாத்தும் ஒரே நடை அத்தை" என்கிறாள். நுணா இலையை வாட்டி இறுக்கிக் கட்டு.

இங்கே சாம்பல் விழுகிறது. முதலில் யாரோ மாவு சலிப்பதுபோல இருந்தது. இப்போது கீரை, கிழங்குக்கொடி, நாய், பன்றி எல்லாம் ஒரே நிறம். கழுவிக் கழுவித் தின்றாலும் பல்லில் நறநறக்கிறது. கூரைத் தண்ணீர் புளிக்கிறது. சின்னப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சர்க்கார் ஆட்கள் படகில் வந்து மலையைப் பார்த்தார்கள், ஏதோ பேசிக்கொண்டார்கள், போய்விட்டார்கள். எல்லோரையும் சாண்டோ தீவுக்குக் கூட்டிப்போகக் கப்பல் வரும் என்று ஒருத்தர் சொல்கிறார். வராது என்று இன்னொருத்தர் சொல்கிறார்.

பாய் முடைய வந்த பெண்களில் ஒருத்தி, "ரோமாவ், பையனக் கூப்ட்டுக்கோ. ஏரி எங்கயும் ஓடிப் போவாது" என்றாள். பட்டேசன் வாசலில் கிழங்கு இறக்கிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் காது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

"எம்புள்ள நான் கூப்ட்டாலும் வர மாட்டான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

"அப்ப அத்தை கூப்டத்தான் மாட்டீங்க" என்றான் அவன், கிழங்கிடம் சொல்வதுபோல. பெண்கள் சிரித்தார்கள்.

தார்ப்பாய் ஒன்று வினியிடம் அனுப்புகிறேன். கூரைமேல் போட்டு நான்கு முனையிலும் கல் வை. மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள். மாமா காலத்திலும் இப்படி இரண்டு தடவை சாம்பல் வந்து தானாக நின்றது. எனக்குப் பயமில்லை. நீயும் பயப்படாதே.

ஆண்டவர் துணை.

அம்மா


ஏரிக்கரை
கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம்

அம்மாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். தார்ப்பாய் வந்தது.

ஏரி நிறம் மாறிவிட்டது. தேங்காய்ப்பாலில் துரு விழுந்ததுபோல இருக்கிறது. விலாங்குகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையில் ஒதுங்குகின்றன. தொடவில்லை. வாத்துகள் போய்விட்டன. பாட்டில் கடைசி இரண்டு வரி சொல்லிக்கொடுக்காமலே நின்றுவிட்டது.

கொஞ்சம் இருமல் இருக்கிறது. சாம்பல்தான், வேறொன்றும் இல்லை.

இப்போதெல்லாம் பகலில் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து ஊர்ச்சத்தம் கேட்கிறது. கோவிலில் பாட்டுப் பழகுகிறார்கள். நம் கிழட்டு நாய் குரைப்பதுகூடத் தெரிகிறது. வினி வந்தாள். "வாடா, தாண்டி வா. நான் கண்ண மூடிக்கறேன்" என்றாள். "நீ மூடிப்ப. எலை பாக்குமே" என்றேன். எப்போதும் சிரிப்பவள், சிரிக்கவில்லை.

அம்மா, நீ இலை வரைக்கும் ஒரு தடவை வர முடியுமா? முடியாது என்று தெரியும். இழவு வீடு. சும்மா கேட்டேன். முடிச்சை எப்படிப் போட்டாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் கேட்டேன். வர வேண்டாம்.

கிறிஸ்மஸ் அன்று எனக்காக ஒரு பாட்டு அதிகமாகப் பாடு.

லைனஸ்


சாண்டோ
9 ஜனவரி 1996

என் குரும்பையே, என் கண்ணே,

எங்கே இருக்கிறாய்? சாப்பிட்டாயா? இருமல் நின்றதா?

உன் கிறிஸ்மஸ் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நீ கேட்டது எனக்குப் புரிந்தது. புரியாததுபோல இருந்துவிட்டேன். ஒரு தடவை பேனாவை எடுத்தேன், பட்டேசன் முகம் வந்து நின்றது. பேனாவை வைத்துவிட்டேன்.

கப்பல் சொல்லாமல் வந்தது. காலையில் மலை வெடித்ததும் பகல் இருட்டிவிட்டது. ஊரே கடற்கரையில் நின்றது. ஊர்த்தலைவர் இழவு வீட்டுக்குள் வந்து என் கையைப் பிடித்தார். "ஏறும்மா, கப்பல் நிக்காது."

"எம்புள்ள?"

"ஆள் போயிருக்கு. எறங்கி வந்துட்டே இருக்கான். கடைசிப் படகுல வருவான், நீ ஏறு."

நானும் ஏறிவிட்டேன். முற்றத்தைத் தாண்டக் கூடாது என்று இத்தனை நாள் உட்கார்ந்திருந்தவள் படகு வரைக்கும் ஓடினேன், குரும்பை. படகு வரைக்கும் ஓடிய கால் இலை வரைக்கும் ஓடியிருக்கக் கூடாதா? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. கப்பலில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லா முகமும் சாம்பல். இரண்டு பேரை நீ என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன். தீவு சின்னதாகிப் போன பிறகுதான் நெஞ்சில் அடித்தது. இலை கட்டியபடியே இருக்கிறது. போன ஆள் இலை வரைக்கும் போய், கூப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பான். நீ அந்தப் பக்கம் நின்றிருப்பாய்.

இங்கே பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். வினியும் பட்டேசனும் கப்பல் ஏறவில்லை என்று இங்கே வந்துதான் தெரிந்தது. அவர்கள் அம்மாவுக்கு, என் அண்ணிக்கு, எழுந்திருக்க முடியாததால் நம் தீவின் கீழ்க்கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்களாம். அங்கே அரிசி கொண்டுபோகிற கொப்பரைப் படகில் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். "ஆள ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு, தாயி" என்கிறான் படகுக்காரன்.

கட்டினவள் சொல்கிறேன். தாண்டி வா. அது வெறும் இலை. தப்பென்றால் தப்பு என்னோடது. கேள்வி வந்தால் நான் பதில் சொல்கிறேன். ஏரி வேண்டாம். எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். தாண்டி வா. தாண்டி வா, குரும்பை.

அம்மா


ஏரிப் பாதை
தேதி தெரியவில்லை. ஜனவரிதான்

அம்மாவுக்கு,

நீ சாண்டோவில் சுகமாக இருக்கிறாயா? அங்கே சாம்பல் இல்லை என்று வினி சொன்னாள். தலைக்குக் குளித்துக்கொள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கப்பல் போவதை மேட்டிலிருந்து பார்த்தேன். புகைக்கு நடுவே கொஞ்ச நேரம் தெரிந்தது. கையை ஆட்டினேன்.

அதற்கு முன்னால் ஒருவன் வந்து இலைக்கு வெளியே நின்று கூப்பிட்டான். "அம்மா அவுத்துட்டாங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, வா" என்றான். நீ கீழே இருக்கிறாய், எப்படியும் வருவாய் என்று நினைத்தேன். பிறகு கப்பல் போய்விட்டது. அவிழ்க்காமல் போயிருக்கிறாய் என்றால் இருக்கச் சொல்லித்தான் போயிருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். சரிதானே?

குடிசை சரிந்துவிட்டது. தார்ப்பாயை இலைக்கு உள்பக்கமாக இழுத்துக் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறேன். வினி கீழ்க்கரையிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து வருகிறாள். வர வேண்டாம் என்றேன்.

நீ நல்ல முடிச்சுப் போட்டிருக்கிறாய். இவ்வளவு காற்றுக்கும் அசையவில்லை.

லைனஸ்


சாண்டோ
4 பிப்ரவரி 1996

பட்டேசனுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ சுகமா? அண்ணி கொஞ்சமாவது கஞ்சி குடிக்கிறாளா? அவளை நான் விசாரித்ததாகச் சொல்லு.

இன்று என் மகன் கடிதம் வந்தது. என் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்னால் எழுதியது. அவன் இலைக்கு உள்ளே தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருக்கிறான். நான் இருக்கச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பட்டேசா, நீ போய் அந்த இலையை வெட்டு. என் இலை, நான் சொல்கிறேன். அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா. வர மாட்டேன் என்றால் அடி. உன்னைவிட இளையவன்தானே.

ஏரி உனக்கு. காடு உனக்கு. நான் திரும்பி வந்ததும் ஊரைக் கூட்டி, என் வாயால் சொல்லுகிறேன். பெற்ற பிள்ளைக்குத்தான் என்று சொல்லுகிறேன். இத்தனை நாள் நான் பேசியதெல்லாம் தப்பு என்று வைத்துக்கொள். தப்பில்லை என்றாலும் வைத்துக்கொள்.

அத்தை பேச்சைத் தட்டக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை இன்றுவரை உன்னிடம் நான் எடுத்துச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லுகிறேன்.

அத்தை


கீழ்க்கரைப் பள்ளிக்கூடம், வெலாவ்
25 பிப்ரவரி

அன்புள்ள அத்தைக்கு,

வினி எழுதுகிறேன். அம்மா அப்படியேதான் இருக்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை, கால்தான் வீங்கியிருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் ஜனவரிக் கடிதம் படகில் வந்ததும் நானே எடுத்துப்போனேன். இலையடியில் போய்க் கூப்பிட்டேன். தார்ப்பாய் மேல் சாம்பல் ஏறி ஒன்றும் தெரியவில்லை. பதில் வரவில்லை. தூங்குகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். "குரும்பை, அம்மா கடுதாசி வந்திருக்கு. தாண்டி வரச் சொல்லி எழுதியிருக்கும், எழுந்து படி" என்று கத்தினேன். இருமல் மட்டும் கேட்டது. மழை வந்துவிட்டது. சாப்பாட்டையும் கடிதத்தையும் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுபடி போனபோது கடிதம் இல்லை. சாப்பாடு அப்படியே இருந்தது. கூப்பிட்டேன். அப்போது இருமலும் கேட்கவில்லை. உள்ளே காலை வைக்கப் போனேன், அத்தை. வைக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து பழகிய கால், என் பேச்சைக் கேட்கவில்லை. அண்ணனைக் கூட்டி வரலாம் என்று ஓடி வந்தேன். அன்றைக்கே ஆற்றில் சேறும் பாறையும் இறங்கி வழியை மூடிவிட்டது.

அண்ணனுக்கு நீங்கள் எழுதிய கடிதம் வந்துவிட்டது. சட்டைப்பையில் வைத்திருக்கிறான். எடுத்துப் படிக்கிறான், மடித்து வைக்கிறான். "சேத்தத் தாண்டிப் போகலாம்ணே" என்றால், "நாளைக்கு வத்திடும்" என்கிறான். நேற்றும் அதையேதான் சொன்னான்.

வினி


கீழ்க்கரை
20 மார்ச் 1996

அத்தைக்கு,

பட்டேசன் வணங்கி எழுதுவது. அம்மா போன ஞாயிறு தவறிவிட்டாள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் போனேன். எப்போது போனேன் என்று கேட்க வேண்டாம்.

இலையை வெட்டக் கத்தி எடுத்துத்தான் போனேன். ஆனால் வெட்டவில்லை. அந்த வழியில் மரம், கல், பாதை, சர்க்கார் பலகை எல்லாம் சாம்பலால் மூடியிருந்தன. இலை ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. மச்சான் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறான். நானும் உபதேசியாரும் போனபோது அதன்மேல் ஒரு படலம்தான் படிந்திருந்தது. எட்டினால் கைபடுகிற தூரத்தில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அப்பாவின் போர்வையைப் போர்த்தியிருந்தான். நான் தூங்குகிறான் என்று நினைத்து, "டேய் மச்சான்" என்று ஒரு தடவை கூப்பிட்டேன்.

வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் முடிச்சை அறுக்க வேண்டும். அது என்னால் ஆகவில்லை. பக்கத்துப் புதரில் நுழைந்து சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். நாலு எட்டுதான், அத்தை. சுற்றிக்கொண்டு போவதற்கு நாலே எட்டுதான். உள்ளேயே குழி தோண்டி வைத்தோம். கூட வந்த உபதேசியார் ஜெபம் பண்ணினார். தடையை மீறிய குற்றம் என்னோடது. பல் வளைந்த பன்றி ஒன்று இருக்கிறது, தண்டமாகத் தருவேன்.

அவன் சட்டைக்குள் உங்கள் கடிதம் இருந்தது. மழையிலும் சாம்பலிலும் ஊறிக் கட்டியாகிவிட்டது. பிரிக்க முடியவில்லை. வெயிலில் காய வைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி இனி என்னிடம் பேச வேண்டாம்.

பட்டேசன்


ஏரிப் பாதை
ஏப்ரல், ஈஸ்டர் கழிந்து

என் குரும்பையே,

அம்மா வந்திருக்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று எழுதக் கை போகிறது. எழுதிப் பழகிவிட்டது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் பெரிய கேவலமாக இருக்கிறது.

மலை அடங்கிவிட்டது என்று ஊரார் திரும்பிவிட்டார்கள். கூரைகளைக் கூட்டுகிறார்கள். சாம்பலுக்குக் கீழே கிழங்கு கொஞ்சம் தப்பியிருக்கிறது. நேற்று புதுக்கிழங்கு தோண்டினோம். மாமாவுக்கும் அண்ணிக்கும் உனக்கும் சேர்த்து ஒரே விருந்து. பட்டேசன் அவன் பன்றியை அடித்தான். நான் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டேன். பெண்கள் தேய்த்து விட்டார்கள். சாம்பல் போய்க்கொண்டே இருந்தது.

விருந்தில் ஊரார் எதிரில் நான் எழுந்து நின்றேன். எழுதியபடி சொல்ல வேண்டுமே. "ஏரி பட்டேசனுக்கு" என்று ஆரம்பித்தேன். அவன் எழுந்து என் பக்கத்தில் வந்தான். இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"அத்தை, நான் என்ன சொன்னேன்? புதுக்கிழங்கு வரைக்கும் ஒண்டியா ஒக்காந்துட்டா ஏரி அவனோடதுன்னு சொன்னேன்ல? இன்னிக்குப் புதுக்கிழங்கு. அவன் அங்கதான ஒக்காந்திருக்கான்?" என்றான். பிறகு, "மச்சான் ஜெயிச்சுட்டான், அத்தை" என்றான். அவ்வளவு பெரிய ஆள், பன்றி ரத்தம் காயாத கையால் முகத்தை மூடிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்துவிட்டான். நான் அவனைத் தொடவில்லை. திட்டவும் இல்லை.

இன்று காலை நடந்து வந்தேன். மெரிக்கிலிருந்து இலை வரைக்கும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது! இடுப்பு வலியோடு நடந்தும் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டேன். வினி தூரத்திலேயே நின்றுகொண்டாள்.

இலை காய்ந்து பழுப்பாகிவிட்டது. ஆனாலும் சுத்தமாக இருக்கிறது. பட்டேசன் போன பிறகு விழுந்த சாம்பலை நானும் என் பாவாடை நுனியால் துடைத்தேன். முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன். நல்ல முடிச்சு என்று எழுதியிருந்தாயே. நகம் கிழிந்து, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். அவிழ்ந்ததும் பாதை திறந்துகொண்டது. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நீ வருவாய் என்று ஒரு நிமிஷம் நின்றேன்.

உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சேம்பும் லாப்லாப்பும் கொண்டுவந்தேன். மண் ஒட்டவில்லை. மேட்டில் காட்டுக்கோழி ஒன்று காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. முட்டை புதைக்க வந்திருக்கிறது போல. யாரும் எடுக்க மாட்டார்கள். நீ காக்கிறாய் என்று ஊருக்கெல்லாம் தெரியும்.

பட்டேசன் என் கடிதத்தைக் கொடுத்தான். மடியில் வைத்திருக்கிறேன். கல்மாதிரி இருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நீ பிரித்துப் படித்துவிட்டு மடித்து வைத்ததா, பிரிக்காமலே சட்டைக்குள் வைத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. வினிக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. படிக்கவில்லை என்றால், நான் இருக்கச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறாய். படித்திருந்தால், எழுந்திருக்க முடியாமல் இருந்திருக்கிறாய். இல்லையென்றால், கடிதம் போதாது, அவளே வரட்டும் என்று இலையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இந்த மூன்றில் எதை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போவது?

கோணல் எழுத்துதான். ஆனால் பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுதினேன், உன் கண்ணில் படட்டும் என்று.

தாண்டி வா என்று நான் எழுதியிருந்ததை நீ படித்தாயா, குரும்பையே?